வளை போழுநரும் அங்காடியும்

பண்டைத் தமிழர் வாணிகத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கடலையே நோக்கினர். முசிறியினின்றும் மரக்கலம் ஏறிய மிளகும், பாண்டி நாட்டு முத்தும், அவற்றுக்கு ஈடாக யவனர் கொணர்ந்த பொன்னும் பன்முறை எழுதப்பெற்றுள்ளன. உள்ளூர் மகளிர் முன்கையில் ஏறிய சங்கு வளை எவரால் அறுக்கப்பெற்றது, எத்தெருவில் விலை போயிற்று, அறுத்த கையும் விற்ற கையும் ஒன்றோ வேறோ என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெற்றில. முத்து அரசர்க்கும் அயலார்க்கும் உரிய பொருள். வளையோ தெருவில் நடக்கும் பெண்ணுக்கு உரியது. அச்சிறு பொருளின் வரலாற்றை இலக்கியமும் அகழாய்வும் தரும் சான்றுகளைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தொழிலின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். சங்கின் உள்ளே சுரிந்து நிற்கும் தண்டினைத் தட்டி உடைத்து நீக்கியபின், உடலைக் குறுக்காக அரத்தால் அறுத்து வளையங்களாக எடுப்பர். அவ்வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, வெளிப்புறத்தில் வேண்டிய வேலைப்பாட்டினை அரத்தால் இழைப்பர். ஒரு சங்கினின்றும் கிடைப்பவை சில வளைகளே. நுனியும் தோளும் வாய்ப்புறமும் கழிவாகும். கொள்ளும் பொருளினும் கழியும் பொருள் மிக்க தொழில் இது. இக்கழிவே பின்னர் நமக்குச் சான்றாக நின்றது என்பதை மேலே காண்போம்.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மாநகர்த் தெருக்களில் நெருங்கி நிற்பாரைத் தொகுத்துக் கூறும் பகுதி ஆய்வாளர் பலரும் அறிந்ததே. அத்தொகுதியின் முதற்கண் நிற்போர் சங்கினை அறுத்துக் கடைவோர். அவரை அடுத்து மணிக்குத் துளையிடுவோரும், பொன்னணி செய்வோரும் வருகின்றனர். இவர் மூவரும் செய்வோர். ஆனால் அவர்களை ஒட்டியே பொன்னை உரைத்து மாற்றுக் காண்போரும், ஆடை விற்போரும் நிற்கின்றனர். செய்வோரைப் பட்டறையிலும் விற்போரை அங்காடியிலும் புலவர் பிரித்து வைத்திலர். எல்லாரையும் ஒரே வினைமுடிபில், ஒரே தெருவில் கால்தோய நிறுத்துகின்றார். இதனைச் செய்யுள் நடையின் சுருக்கம் என்று ஒதுக்கிவிடல் எளிது. யாம் அவ்வாறு கருதவில்லை. அங்காடிக் காட்சியை இத்துணை நுணுகிக் கண்ட புலவர், வளை விற்போரைத் தனியே காட்டாது வளை அறுப்போரையே தெருவில் நிறுத்துவது, அவ்விருவரும் ஒருவரே ஆதலின் எனக் கொள்ளுதலே பொருந்துவது.

இக்கருத்துக்கு வலிமை தருவது வளையின் இயல்பே. பொன் வளையை அகற்றலாம், நெருக்கலாம். சங்கு வளையோ அறுத்த அளவில் அறுத்ததே. அதனை ஒரு நெல்லளவும் மாற்ற இயலாது. ஆகவே வாங்குவாள் தன் கையை நீட்டி, ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தே கொள்ள வேண்டும். பல அளவுகளில் அறுத்து அடுக்கி வைத்திருப்பவனே அவளுக்கு விற்க முடியும். அகப்பாடல்களில் தலைவியின் மெலிவினைக் காட்டும் நெகிழ்வளை மரபிற்கும் இவ்வியல்பே அடிநிலை ஆகும். உடல் மெலிய, மாறாத வளை கழன்று வீழ்கின்றது. இறுக்கிக்கொள்ள வழியில்லை, மறைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஊரார்க்கு அலர் தூற்ற வேறு சான்று வேண்டா. உரைகாரர் பலரும் இதனை மெய்ப்பாட்டளவில் விளக்கி அமைவர். பொருளின் தன்மையையும் உடன் நோக்கியிருப்பின் அம்மரபின் கூர்மை இன்னும் விளங்கியிருக்கும்.

இனி, ஆவூர் மூலங்கிழார் பாடிய அகநானூற்று 24ஆம் பாடலுக்கு வருவோம். பகன்றையின் சுரிந்த அரும்பிற்கு அவர் காட்டும் உவமை வியப்பிற்குரியது. வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் வளைகளை அறுத்தெடுத்தபின் எஞ்சிய சங்கின் நுனியை அவர் உவமையாக்குகின்றார். புலவர் கண்டது வளையை அன்று, பட்டறையின் கழிவை. அறுக்கும் இடத்தின் அருகே நின்று, குவிந்து கிடந்த நுனிகளைக் கண்ட ஒருவர்க்கே இவ்வுவமை தோன்றும். கேட்போர்க்கும் அக்காட்சி பழக்கமானதாக இருந்தாலன்றி உவமை பயன்படாது. எனவே அறுக்கும் தொழில் ஊர்க்கு அப்பால் மறைவாக நடந்ததன்று. பலர் காண நடந்தது.

அவ்வுவமைக்கு மண்ணே சான்று பகர்ந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், சங்கினைப் பற்றி 1914இல் வெளியிட்ட நூலில், கொற்கையிலும் காயலிலும் அறுத்த அடையாளமுள்ள சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்ததைக் குறித்து, அவற்றைத் தமிழிலக்கியச் செய்தியோடு ஒப்பிட்டார். மீனியல் வல்லுநர் ஒருவர் சங்கப் பாடலைச் சான்றாகக் கொண்டது தமிழ் பயில்வோர் போற்றத்தக்கது. பின்னர் 1968-69இல் தமிழகத் தொல்பொருள் துறை கொற்கையில் அகழ்ந்தபொழுதும் அறுத்த சங்குகள் கிட்டின. 2015இல் அகழ்வு தொடங்கிய கீழடியிலும் சங்கு வளைத் துண்டுகள் கிடைத்துள்ளன.

வளை அறுப்போன் பார்ப்பான் எனப்பட்டதே பலர்க்கு இடர்ப்பாடாயிற்று. வேள்வி இழந்தமையால் இழிந்த தொழிலை மேற்கொண்டான் என்பர் சிலர். பாடலில் அவ்விழிவிற்குச் சான்றில்லை. வேளாமை அவனைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டுகின்றது, அவ்வளவே. சிலப்பதிகாரத்தை உடன்வைத்து நோக்கின் இது தெளிவாகும். இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகாரினை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுக்கின்றார். கொல்லர், தச்சர், பொன்செய்வோர் ஆகியோர் மருவூர்ப்பாக்கத்தார். மணிக்குத் துளையிடுவோரும் வளை போழுநருமோ அரச வீதியும் அந்தணர் இருக்கையும் அமைந்த பட்டினப்பாக்கத்தில், தமக்கென ஓர் அகன்ற வீதியில் வாழ்கின்றனர். பொற்கொல்லர்க்கு இல்லாத இடம் வளை அறுப்போர்க்கு வாய்த்தது எற்றுக்கு என ஆராய்வார் அருகியே உளர். இவ்வமைப்பினைத் தற்செயல் எனத் தள்ளுதல் அடிகளின் நகரமைப்பு அறிவிற்கு இழுக்காகும்.

மணித்தொழிலின் நிலை சற்றே வேறு. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் குறிக்கும் கொடுமணம், நொய்யற் கரையிலுள்ள கொடுமணலே என்பது 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளால் உறுதிப்பட்டது. அங்கே பச்சை மணிக்கல், நீலம், பளிங்கு, சூதுபவளம் ஆகியன, உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்த மணி, துளையிட்ட மணி எனத் தொழிலின் எல்லாப் படிநிலைகளிலும் கிட்டின. பச்சை மணிக்கல் அருகிலுள்ள படியூரிலேயே எடுக்கப்பட்டது. எனினும் அம்மணிகள் நெடுந்தொலைவு செல்லத்தக்கன, சுருக்கில் முடிந்து எங்கும் கொண்டு செல்லலாம், எக்கழுத்திற்கும் பொருந்தும். சங்கு வளைக்கு அவ்வசதி இல்லை. மணி வணிகனைத் தேடியது, வளை தன்னைச் செய்தவனோடு தெருவிலேயே நின்றது எனலாம்.

செய்வோனும் விற்போனும் பிரிந்தமையைப் பிற்கால இலக்கியம் காட்டுகின்றது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து வளையல் விற்ற படலத்தில் இறைவன் மதுரைத் தெருவிற்கு வளையல் வணிகனாகவே வருகின்றான். அரம் ஏந்தி வருவதில்லை. மாங்குடி மருதனார் கண்ட அதே நகரில் அறுப்போன் மறைந்து, கொண்டு திரிந்து விற்போன் தோன்றிவிட்டான்.

அறுப்போனும் விற்போனும் பிரியாத தெருவை வங்கத்திலே காணலாம். மன்னார்க் கடலில் முக்குளித்தெடுத்த சங்குகள் வங்கத்திற்கு ஏற்றுமதியாகி, டாக்காவின் சங்காரித் தெருவை அடைந்தன. ஹார்னெல் விரித்துரைத்த டாக்காச் சங்கறுப்போன் தரையில் அமர்ந்து, பிறை வடிவான கனத்த அரத்தை இருகையாலும் பற்றி, காலிடையே இடுக்கிய சங்கினை அறுத்தான். அத்தெருவின் ஒடுங்கி நீண்ட வீடுகளில் முன்கட்டு கடை, பின்கட்டு பட்டறை. மதுரைக்காஞ்சியின் கோடு போழ்வோரைக் கற்பனையில் காண விரும்பும் மாணவர் அவ்வீடுகளைப் பற்றிய குறிப்புகளைப் பயில்வாராக.

கழிந்த சங்கு முழுதும் மண்ணிற் புதைந்தது என எண்ணுதல் வேண்டா. மதுரைக்காஞ்சியின் நாளங்காடியில் வெற்றிலையும் பாக்கும் விற்போர் நடுவே, சங்கு சுட்ட நீறு விற்போரையும் புலவர் காட்டுகின்றார். வளைக்கு ஆகாத நுனியும் தோளும் சூளை வழியே அவர்களிடம் சென்றிருத்தல் கூடும்.