கதிரறுக்கும் யந்திரத்தின் வரலாறு

கதிரறுக்கும் யந்திரத்தை இயற்றியவர் யாவரென எம் மாணாக்கரை வினவின், அமெரிக்க தேசத்து ஸைரஸ் மக்கார்மிக் என உடனே விடை பகர்வர். யாமும் இருபதாண்டுகளாக அவ்வாறே கற்பித்து வந்தோம். அவ்விடை பிழையுடைத்தன்று, ஆயினும் நிறைவுடையதும் அன்று.

கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கௌல் நாட்டின் பெருநிலங்களில் இத்தகைய கருவியொன்று வழங்கியதென உரோம ஆசிரியராகிய பிளினி எழுதிப்போந்தார். முன்விளிம்பிற் பற்களையுடைய வண்டியைப் பின்னின்று விலங்கு தள்ளக் கதிர்கள் மட்டும் பறியுண்டு அதனுள் வீழ்ந்தன. 1958-ஆம் ஆண்டில் பெல்ஜியத்துப் புஸெனோல் என்னுமிடத்தில் அகப்பட்ட கற்சிற்பம் இதற்குச் சான்றாகும். பின்னர் அவ்வண்டி வழக்கொழிந்தது. 1828-ல் ஸ்காத்லாந்துப் பாட்ரிக் பெல் என்பார் வேறொரு யந்திரத்தால் அறுத்துக் காட்டினார்.

இனி மக்கார்மிக்கின் செய்திக்கு வருவோம். வர்ஜீனியா மாகாணத்தில் அவர் தந்தையார் ராபர்ட் நெடுநாள் முயன்று கைவிட்ட வேலையை, 1831-ல் இருபத்திரண்டு வயதினரான மைந்தர் மேற்கொண்டார். இப்படியும் அப்படியும் ஓடி அரியும் பல்லுடைய அலகு, தாள்களை நிலைநிறுத்தும் விரல்கள், அவற்றை அலகின்பாற் சாய்க்கும் சுழல்சட்டம், அறுபட்டது விழுதற்குரிய தட்டு ஆகியவை அதன் உறுப்புக்கள். தட்டில் வீழ்ந்ததை வாரித் தள்ள ஓராளும், பின்தொடர்ந்து அரிகளைக் கட்டுதற்குப் பலரும் வேண்டியிருந்தனர். யந்திரம் அறுத்ததேயன்றிக் கட்டியதில்லை. 1833-ல் ஓபெத் ஹஸ்ஸி என்பவரும், 1834-ல் மக்கார்மிக்கும் தத்தம் யந்திரங்கட்கு அரசாங்க உரிமைச்சீட்டுப் பெற்றனர். எவர் முந்தியவர் என்னும் பூசல் நெடிது நிகழ்ந்தது. 1847-ல் சிக்காகோ நகரில் மக்கார்மிக்கின் தொழிற்சாலை எழுந்தது. 1851-ல் இலண்டன் கண்காட்சியில் அவர் யந்திரம் பரிசும் பெற்றது.

அக்குடும்பத்தின் நிலத்தில் ஜோ ஆண்டர்சன் என்னும் நீகிரோ அடிமை ஒருவர் இருந்தார். அவ்யந்திரத்தைச் செய்து முடித்தற்கு அவர் உதவினாரென்பதை, 1931-ல் தாம் வெளியிட்ட நூலில் மக்கார்மிக்கின் பேரரே கூறியுள்ளார். உரிமைச்சீட்டிலோ ஒரு பெயரே காணப்படும். ஆண்டர்சன் தாமே கேட்டிருப்பினும் பெற்றிரார். அந்நாட்டுச் சட்டத்தின் நோக்கு அத்தகையது: மிசிசிப்பி மாகாணத்தில் நெட் என்னும் அடிமை பருத்திப் பயிர்க்குரிய கருவியொன்றை அமைத்தபோது, அடிமையின் கண்டுபிடிப்புக்கு உரிமைச்சீட்டு ஈதல் இயலாதென 1858-ல் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் தீர்த்துரைத்தார். அடிமைக்கும் இல்லை, அவனை உடையவனுக்கும் இல்லை! ஏழாண்டு கழிந்து, 1865-லேதான் அடிமைமுறை ஒழிந்தது.

இதனைப் படித்தபின், எம் பாட்டனாரின் நெற்கணக்கேட்டை எடுத்துப் புரட்டினோம். கண்டுமுதல் மரக்கால் வரையில் வழுவாது குறிக்கப்பட்டுளது. அதன்கீழ், 'அறுப்பாள் 14, கட்டுச் சுமந்த ஆள் 6' என உள்ளது. அவ்விருபதின்மருள் ஒருவர் பெயரும் ஆண்டில்லை.