அரையே அரைக்கால்

போன கோடையில் ஒரு ஞாயிறு காலை, ஹேர்னிங்கில் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். ரெஸ்ரோரன்டில் எனக்குப் பின்னேர வேலைதான். வயதான டெனிஸ்காரர் ஒருவருடைய மேசையில் மடிக்கிற சவரக்கத்தி ஒன்று கிடந்தது. அலகில் ‘எஸ்கில்ஸ்ரூனா’ என்று பொறித்திருந்தது. சுவீடனில் கத்திக்குப் பேர்போன ஊர் அது.

“அப்பாவின்ர கத்தி. வாங்கேக்க எட்டில் ஆறு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நீளமோ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “அகலம்” என்றார்.

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். சவரக்கத்தியின் அளவு என்றால் அதன் முதுகிலிருந்து வாய் வரை உள்ள அகலம்தானாம். அதை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்வார்கள். எட்டில் ஐந்து என்றால் ஏறக்குறைய 16 மில்லிமீற்றர். எட்டில் ஆறு 19. முழு அகலக் கத்தியை எட்டில் எட்டு என்பார்கள், ஒன்று என்று சொல்வதில்லை. அதேபோல எட்டில் ஆறை முக்கால் என்று சுருக்குவதுமில்லை. கீழ் எண் மாறாமல் இருந்தால் மேல் எண்ணைப் பார்த்தே எது பெரிது என்று சொல்லிவிடலாம் அல்லவா.

இந்த அளவு இங்கிலாந்துக் கணக்கு. செபீல்ட் நகரத்துக் கத்திகள் ஒரு காலத்தில் உலகமெல்லாம் போயின. ஜேர்மனி 1872இலேயே மீற்றருக்கு மாறிவிட்டது. ஆனாலும் அங்குள்ள சோலிங்கன் ஊர்க் கத்திகளுக்கு இன்றைக்கும் எட்டில் ஐந்து, எட்டில் ஆறு என்றுதான் பெயர்.

ஆனால் அங்குலம் என்பதும் எல்லா நாட்டிலும் ஒன்றாக இருக்கவில்லை. ஒளிக்கும் ஒரு வேக எல்லை உண்டு என்று முதலில் காட்டிய ஓலே ரோமர்தான் 1683இல் டென்மார்க் முழுவதற்கும் ஒரே அளவுமுறையை ஒழுங்குபடுத்தியவர். பின்னாளில் இங்கே வழங்கிய டெனிஸ் அங்குலம் 26.15 மில்லிமீற்றர். இங்கிலாந்து அங்குலத்தைவிட முக்கால் மில்லிமீற்றர் கூட. 1907இல் மீற்றர் முறைக்குச் சட்டம் வந்தது. ஆனாலும் இங்குள்ள தச்சர்கள் மடித்துப் பையில் வைக்கிற அளவுகோலுக்கு இன்றும் ‘தொம்மெஸ்தொக்’, அதாவது அங்குலக் கோல் என்றே பெயர். ‘தொம்மெ’ என்ற சொல் பெருவிரலில் இருந்து வந்தது. எங்கட அங்குலமும் விரல்தானே.

இந்தக் குழப்பம் தீர வழிசெய்தவரும் அதே எஸ்கில்ஸ்ரூனாக்காரர். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்த யொஹான்சன் என்பவர், அளவு பார்க்கிற உருக்குக் கட்டைகளைச் செய்தார். அவற்றில் ஒரு அங்குலத்தைச் சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று வைத்தார். பிரித்தானியத் தொழில்துறை 1930இலும் அமெரிக்கத் தொழில்துறை 1933இலும் அதை ஏற்றன. 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் அதையே பொது அங்குலமாக்கின.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு அப்பப்பாதான் நினைவுக்கு வந்தார். காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி மாகாணி என்று எண்சுவடிக் கணக்கைப் பாடமாக்கச் சொல்லுவார். பாதி, பாதியாக மூன்று தரம் பிரித்தால் எட்டில் ஒன்று. செபீல்ட்காரனுடைய பின்னத்துக்கு எங்களிடம் ஒரே சொல் இருக்கிறது. எட்டில் ஐந்து ‘அரையே அரைக்கால்’. எட்டில் ஏழு ‘முக்காலே அரைக்கால்’. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் கணிதம் படித்தேன். 2006இல் பாதை பூட்டியதோடு அதுவும் நின்றது. அங்கே ஒருநாளும் இந்தச் சொற்களைக் கேட்டதில்லை.

அப்பப்பாவுக்குச் சவரம் செய்ய மாதம் இரண்டு தரம் ஒரு பெரியவர் வருவார். வீட்டுக்குள்ளே வரமாட்டார். முற்றத்து மாமரத்தடியில்தான் வேலை. அவருக்கு அறுபது வயது இருக்கும், நான் பத்து வயதுப் பொடியன். அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் ஒருவரும் திருத்தவில்லை. அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். அவருடைய கத்தி மிகவும் ஒடுக்கம். நல்ல கத்தி வாங்க வசதியில்லை என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.

சந்தையில் வாங்கிய கத்தியை அளந்து பார்த்தேன். 17 மில்லிமீற்றர்தான் இருந்தது. எட்டில் ஆறு என்றால் 19 இருக்கவேண்டும். மிச்சம் இரண்டு எங்கே? கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படும்படி படுக்க வைத்துத்தான் தீட்டவேண்டும். அப்போதுதான் வாயின் கோணம் மாறாது. அதனால் முதுகும் கொஞ்சம் தேயும், அகலமும் குறையும். ஒரு மனுசன் தன் முகத்தை மட்டும் மழித்ததற்கே இரண்டு மில்லிமீற்றர் போயிருக்கிறது.

அப்படியென்றால் ஊரெல்லாம் மழித்த அந்தப் பெரியவரின் கத்தி? அது ஒடுக்கமாக வாங்கிய கத்தியாக இருந்திராது. தீட்டித் தீட்டியே ஒடுங்கியிருக்கும். எங்கட குசினியில் மீன் வெட்டுகிற கத்தியும் அப்படித்தான் ஒடுங்கிப்போய்க் கிடக்கிறது. பதினைந்து வருசமாக நான் தீட்டுகிற கத்தி. அதைப் பார்த்து ஒருவன் பகிடி பண்ணினால் எனக்கு எப்படி இருக்கும்?

1995 இடப்பெயர்வோடு அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. இன்றைக்கு எங்கேயாவது கண்டால் முதலில் ‘நீங்கள்’ என்று கூப்பிடவேண்டும். பிறகு அந்தக் கத்தி புதிதில் எத்தனை அரைக்கால் இருந்தது என்று கேட்கவேண்டும்.