விளக்கை எடு

படமில்லாமல், தட்டச்சிடும் சொற்களாலேயே நகரும் கணினி விளையாட்டான 'சோர்க்', 1977இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதத் தொடங்கப்பட்டது. இத்தகைய கதைகளை ஆக்குவதற்கென கிரஹாம் நெல்சன் 1993இல் 'இன்ஃபார்ம்' மென்பொருளை வெளியிட்டார். 2006இல் வந்த அதன் ஏழாம் வடிவம் முகத்தையே மாற்றிக்கொண்டது. விரித்த புத்தகம்போல இரு பக்கங்கள்: ஒன்றில் எழுதலாம், மற்றதில் விளையாடிப் பார்க்கலாம். குறியீடுகளுக்குப் பதிலாக ஆங்கில வாக்கியங்கள்.

பழைய குறியீடுகளுக்குப் பழகிய என் விரல்கள் வெள்ளவத்தை வீட்டில் பல இரவுகள் தடுமாறின, பின்னர் இணங்கின. இணங்காதது மொழிதான். ஆங்கில ஆணையில் 'எடு' முன்னே, 'விளக்கு' பின்னே. நாமோ 'விளக்கை எடு' என்போம்.

கொட்டாஞ்சேனையில் தொலைந்துபோன அச்சுக்கூடமொன்றைத் தேடும் என் கதை இன்றும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. அங்கே அச்சுக்கோத்தவர்கள் அதை வாசிக்கமாட்டார்கள்.