ஸூஸா ரிபாத்தும் கடல் கடந்த காஜியும்

வரலாற்று நூல்கள் போர்க்களத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பாசறையைப் பற்றிப் பேசுவதில்லை. வாள்கள் எந்நாளில் மோதின, எந்நகரம் எவர் கையில் வீழ்ந்தது என்பன பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளன. அவ்வாள் உறையில் கிடந்த நாட்களில், அதை ஏந்த வேண்டியவன் எங்கே தங்கினான், எதை ஓதினான், இரவை எவ்வாறு கழித்தான் என்பதையோ நாம் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு படையின் தகுதியை அறிவிப்பது அதன் வெற்றி மட்டுமன்று. அது காத்திருந்த நாட்களும் ஆகும். இக்கருத்தை விளக்க, இன்றைய துனீசிய நாட்டின் கீழைக் கடற்கரையிலுள்ள ஸூஸா நகரத்தையும், அங்கிருந்து ஹிஜ்ரி 212இல் (கி.பி. 827) சிசிலித் தீவுக்குக் கடல் கடந்து சென்ற படையையும் எடுத்துக்கொள்வோம்.

ரிபாத் என்னும் சொல்

அரபியில் 'ரபத' என்றால் கட்டினான் என்பது பொருள். எல்லைப்புறத்தில் குதிரையைக் கட்டி வைத்து, எந்நேரமும் புறப்படும் ஆயத்தத்துடன் இருப்பதை 'ரிபாத்' என்றனர். அன்ஃபால் அத்தியாயத்தில் இச்சொல் குதிரைகளோடு இணைந்து வருகிறது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனத்திலோ பொறுமையோடு இணைந்து வருகிறது. ஒரு தொழுகைக்குப் பின் அடுத்த தொழுகையை எதிர்நோக்கி அமர்ந்திருப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரிபாத் என்றே குறிப்பிட்டதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ஆகவே இச்சொல்லின் உயிர் போரிடுவதில் இல்லை. விழிப்போடு காத்திருப்பதில் இருக்கிறது. காலப்போக்கில் அவ்வாறு காத்திருப்போர் தங்கும் கோட்டைக்கும் அதுவே பெயராயிற்று. அங்குத் தங்கியோர் 'முராபித்'கள் எனப்பட்டனர்.

கடலும் கலீஃபாக்களும்

பாலைவனத்து அரபிகளுக்குக் கடற்போர் புதிது. சிரியாவின் ஆளுநராயிருந்த முஆவியா (ரலி) அவர்கள் கடல் கடக்க அனுமதி கேட்டபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் மக்களை அலைகளின் மீது அனுப்ப இசையவில்லை. பின்னர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் இசைந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனையுடன். எவரையும் கட்டாயப்படுத்தவோ சீட்டுப் போட்டுப் பொறுக்கவோ கூடாது. விரும்பி வருவோரை மட்டுமே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அது. ஹிஜ்ரி 28இல் (கி.பி. 649) சைப்ரஸ் தீவுக்குப் புறப்பட்ட அப்படையில் பெண்களும் சென்றனர். உம்மு ஹராம் (ரலி) அம்மையார் அத்தீவிலேயே வாகனத்திலிருந்து விழுந்து மறைந்தார்கள். லார்னகா நகரருகே அவர்கள் பெயரால் விளங்கும் அடக்கவிடம் இன்றும் உள்ளது.

கடற்படை வேண்டுமாயின் மரக்கலம் கட்டும் துறை வேண்டும். அதை அரபிகள் 'தாருஸ் ஸினாஆ' என்றனர். தொழில் இல்லம் என்பது அதன் பொருள். இத்தாலியர் நாவில் உருமாறிய அச்சொல்லே, ஆயுதச்சாலையைக் குறிக்கும் 'ஆர்சனல்' என்னும் ஆங்கிலச் சொல்லாயிற்று. துனீஸ் நகரில் ஹஸ்ஸான் இப்னு நுஃமான் இத்தகைய துறையை அமைத்தபோது, எகிப்திலிருந்து கிறிஸ்தவக் கிப்தித் தச்சர்களை வரவழைத்தார். ஸூஸாவிலும் அக்லபி அமீர்களின் காலத்தில் அத்தகைய துறை இருந்தது.

கல் சொல்லும் சாட்சி

வட ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ரிபாத்கள் எழுந்தன. மொனஸ்தீர் ரிபாத்தை ஹிஜ்ரி 180இல் (கி.பி. 796) ஆளுநர் ஹர்ஸமா இப்னு அஃயன் கட்டுவித்தார். அதன் வடக்கே ஸூஸாவில் நிற்கும் ரிபாத்தும் ஏறத்தாழ அக்காலத்ததே. அதன் காவற்கோபுர வாயிலில் ஹிஜ்ரி 206 (கி.பி. 821) என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. கட்ட ஆணையிட்ட அமீர் முதலாம் ஸியாதத்துல்லாஹ்வின் பெயரோடு, வேலையை முடித்துக் கொடுத்த விடுதலை பெற்ற அடிமையான மஸ்ரூர் என்பாரின் பெயரும் அக்கல்லில் இடம்பெற்றிருக்கிறது. ஆண்டவன் பெயரும் அடிமையாயிருந்தவன் பெயரும் ஒரே பலகையில் நிற்பது நம் சிந்தனைக்குரியது.

கட்டடமோ ஏறத்தாழ 38 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். உள்ளே நுழைய ஒரே வாயில். வாயிலின் இருபுறமும் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்கள். நடுவே முற்றம், அதைச் சூழ வளைவுகள் தாங்கிய தாழ்வாரம், அதன் பின்னே வரிசையாகச் சிற்றறைகள். மேல்தளத்தின் தென்புறத்தில் மிஹ்ராபுடன் கூடிய தொழுகைக்கூடம். மூலையில் வட்டமான காவற்கோபுரம்.

இவ்வமைப்பே அங்கிருந்தோரின் நாளை நமக்குக் கூறிவிடுகிறது. அறைகள் ஒருவர் முடங்கிப் படுக்கவும், அமர்ந்து ஓதவும் போதுமானவை. அவற்றில் செல்வர்க்கென்று தனியிடம் இல்லை. நம் அரபு மதரஸாக்களில் ஓதித் தேறியவர்கள் அவ்வறைகளைக் கண்டால், தாம் தங்கிய ஹுஜ்ராக்களையே நினைவுகூர்வர். அறைக்கும் தொழுகைக்கூடத்துக்கும் சில படிகளே தொலைவு. தொழுகைக்கூடத்துக்கும் மதிலுக்கும் சில அடிகளே தொலைவு. பாங்கோசை கேட்டவன் தொழுகைக்கு எழுவான். முறை வந்தவன் கோபுரம் ஏறுவான். இரண்டு கடமைகளும் ஒரே கூரையின் கீழ்.

பகலில் ஆயுதங்களைச் சீர் செய்தலும், அம்பெய்து பழகுதலும், குதிரை பேணலும் இத்தகைய எல்லைக்காவலரின் வேலைகள். குர்ஆன் ஓதுதலும், ஹதீஸும் சட்டமும் கேட்டறிதலும் அவற்றோடு நடந்தன. இரவில் சிலர் நின்று வணங்க, சிலர் நின்று கடலை நோக்கினர். ரோமானியப் பேரரசின் கலங்கள் தோன்றினால் கோபுர உச்சியில் தீ மூட்டப்படும்; அதைக் கண்டு அடுத்த கோபுரம் தீ மூட்டும். குதிரைத் தூதுவன் புறப்படும் முன்பே கரை முழுதும் செய்தி பரவிவிடும்.

முராபித்களுக்கும் அரசுப் படையினர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'ஜுந்து' எனப்பட்ட படையினர் ஊதியம் பெற்றவர்கள். முராபித்களோ மனமுவந்து வந்தவர்கள். சிலர் ஆண்டின் சில நாட்களுக்கு வருவர். சிலர் ஆயுள் முழுவதும் தங்குவர். வக்ஃபு நிலங்களின் வருவாயும் ஊரார் கொடையும் அவர்களைப் பேணின. குறித்த பருவத்தில் இஃப்ரீகிய்யா மக்கள் உணவுப் பொருள்களுடன் கரையோர ரிபாத்களில் வந்து தங்கியதை இப்னு ஹவ்கல் குறிப்பிடுகிறார். மொனஸ்தீரில் பெண்களும் ரிபாத் இருந்ததைப் பதினோராம் நூற்றாண்டினரான அல்பக்ரீ எழுதுகிறார். எல்லைக் காவல் ஒரு சாராரின் தொழிலாக ஒதுங்கிவிடாமல், குடும்பங்களின் கடமையாகவும் இருந்தமைக்கு இவை சான்று.

வாளுக்கு முன் வழக்கு

கி.பி. 827இல் அத்தகைய கரைக்குப் பெரும்படை ஒன்று வந்திறங்கியது. சிசிலியில் ரோமானியப் பேரரசனுக்கு எதிராகக் கிளர்ந்த கடற்படைத் தலைவன் யூஃபீமியஸ் தோல்வியுற்று, அமீர் ஸியாதத்துல்லாஹ்விடம் உதவி நாடினான். ஆனால் சிசிலியாரோடு அமீருக்கு உடன்படிக்கை இருந்தது. தம்மிடமுள்ள முஸ்லிம்கள் திரும்ப விரும்பினால் தடுக்கக் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அவ்விதியை மீறி முஸ்லிம் கைதிகளை அவர்கள் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது.

அமீர் கைரவான் நகரின் காஜிகள் இருவரையும் அழைத்துக் கேட்டார். உறுதியாகத் தெரியும்வரை பொறுக்க வேண்டும் என்றார் அபூ முஹ்ரிஸ். சிசிலியாரின் தூதர்களையே கேட்கலாம். தூதர் வாயிலாகச் செய்த உடன்படிக்கை தூதர் வாய்மொழியாலேயே முறிந்ததாகக் கொள்ளப்படும் என்றார் அஸத் இப்னுல் ஃபுராத். தூதர்கள் கைதிகள் இருப்பதை ஒப்புக்கொண்டனர், படையெடுப்பு முடிவாயிற்று.

அமீருக்கு அரசியல் காரணமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கி.பி. 824 முதல் மன்ஸூர் அத்துன்புதீ தலைமையில் ஜுந்துப் படையினர் செய்த கலகம் அவர் ஆட்சியையே உலுக்கியிருந்தது. அடங்காத வாள்களைக் கடலுக்கு அப்பால் அனுப்புவது அவருக்கு உகந்ததாயிருந்தது. எனினும், வாக்குறுதி முறிந்ததா இல்லையா என்பதை விசாரிக்காமல் கப்பலேறக் கூடாது என்னும் நெறி அன்றைய அரசனையும் கட்டுப்படுத்தியது. அவனும் அறிஞர் முன் வந்து கேட்க நேர்ந்தது.

எழுதுகோலின் தலைமை

அப்படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் அதே காஜி அஸத். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. ஹர்ரானில் பிறந்து, தந்தையின் தோளோடு சிறுவராக ஆப்பிரிக்கா வந்தவர். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், இராக்கில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களிடமும் பயின்றவர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கும் இதே இரு ஆசான்கள் வாய்த்தனர் என்பதை, ஷாஃபிஈகளும் ஹனஃபிகளுமான நம் தமிழ் முஸ்லிம்கள் இங்கே நினைவுகூரலாம். பின்னர் அஸத் எகிப்தில் இப்னுல் காஸிமிடம் வினாக்கள் தொடுத்து 'அஸதிய்யா'வைத் தொகுத்தார். அதைச் சஹ்னூன் மீண்டும் இப்னுல் காஸிமிடம் கொண்டுசென்று திருத்தியதே, மாலிக்கி மத்ஹபின் தூணாகிய 'முதவ்வனா'.

காஜி பதவிக்குப் பின் படைத்தலைமை தமக்குத் தாழ்வன்றோ என்று அஸத் தயங்கினார். காஜி பதவியையும் அவரிடமே விட்டு, இரண்டையும் சேர்த்து வழங்கினார் அமீர். ஸூஸாவில் பதினாயிரம் காலாட்களும் எழுநூறு குதிரை வீரரும் கூடினர். அரபிகள், பர்பர்கள், குராசானியர், அந்தலூஸியர், அவர்களோடு கல்விமான்களும் இருந்தனர். அத்தனை பேருக்கும் ரிபாத்தின் சிற்றறைகள் எம்மாத்திரம்! பாசறை வெளியே பரந்தது. நூறு வரையிலான மரக்கலங்களில் குதிரைகளும் தீனியும் தண்ணீரும் ஏற்றப்பட வேண்டும்.

வழியனுப்பக் கைரவானின் பெருமக்கள் அனைவரும் திரண்டு வந்தனர். கொடிகளும் முரசுகளும் குதிரைக் கனைப்பும் சூழ நின்ற முதியவர், வீரத்தைப் புகழ்ந்தோ பகைவரை இகழ்ந்தோ பேசவில்லை. தம் முன்னோரில் எவரும் ஆட்சிப் பொறுப்பு வகித்ததில்லை என்றும், இந்நிலையைத் தாம் அடைந்தது எழுதுகோலால்தான் என்றும், ஆகவே கல்வி தேடுவதில் உடலை வருத்துங்கள், அதன் சிரமங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் கூறினார் என அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் அறிவிக்கின்றனர். போருக்குப் புறப்படும் துறைமுகத்தில் ஒரு தளபதி நிகழ்த்திய உரை இது!

சோதனையும் சிதைவும்

ரபீஉல் அவ்வல் மாத நடுவில் (கி.பி. 827 ஜூன்) புறப்பட்ட கலங்கள் மூன்று நாளில் மஸாரா கரையை அடைந்தன. முதற்போர் வெற்றியாயிற்று. ஆனால் ஸைரகூஸ் நகர முற்றுகையில் உணவு தீர்ந்தது. குதிரைகளை அறுத்து உண்ணும் நிலை வந்தது. ஊர் திரும்புவோம் என்று ஒரு சாரார் எழுந்தனர். அஸத் மரக்கலங்களையே எரித்துவிடுவதாக எச்சரித்து, முன்னின்றவரைக் கசையால் அடிக்கச் செய்தார். ஹிஜ்ரி 213இல் (கி.பி. 828) படையில் பரவிய கொள்ளைநோய்க் காலத்தில் அவரும் அங்கேயே மறைந்தார். அந்நகரம் வீழ்ந்ததோ கி.பி. 878இல், ஐம்பதாண்டுகளுக்குப் பின்னரே. முன்னின்று தொடங்கியவர் முடிவைக் காணவில்லை. பட்டினியில் பொறுத்தவர்களும் முணுமுணுத்தவர்களும் ஒரே கரையிலிருந்து சென்றவர்களே. பாசறையில் பெற்ற பொறுமை எவரிடம் வேரூன்றியிருந்தது என்பதைப் பட்டினி நாட்களே பிரித்துக் காட்டின.

இன்னொரு சோதனையும் இருந்தது. அது வெற்றியின் சோதனை. சிசிலி முஸ்லிம்களின் ஆட்சிக்குட்பட்டு நெடுநாளான பின், கி.பி. 973 அளவில் பலர்மோ நகரைக் கண்ட இப்னு ஹவ்கல், அங்குள்ள கடற்கரை ரிபாத்களில் வணக்கமும் இல்லாது காவலும் இல்லாது, தருமச் சோற்றை உண்டு திரிந்த வீணரைக் கண்டு மனம் நொந்து எழுதினார். பெயர் அதே ரிபாத். மதில் அதே மதில். உள்ளிருந்தவனின் நாள்தான் மாறிவிட்டது.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே வரலாறு கற்பதன் பயன். ஸூஸா ரிபாத்தை உயர்த்தியது அதன் கோபுரமன்று. ஓதலும் காவலும் ஒருவனது ஒரே நாளுக்குள் அடங்கியிருந்தமையே. ஸூஸாவின் பழைய நகரம் 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அக்கோபுரத்தின் மீது தீ மூட்டுவாரில்லை. பயணிகள் ஏறிக் கடலைப் பார்த்து இறங்குகின்றனர். ஆயினும் ரிபாத் என்னும் சொல்லின் முதற்பொருள் நம்மை விட்டு நீங்கவில்லை. ஒரு தொழுகை முடிந்து அடுத்ததற்குக் காத்திருப்பவனும், பிள்ளையின் பாடத்தை இரவு விழித்துக் கேட்கும் தாயும், கல்வியின் சிரமத்தைப் பொறுக்கும் மாணவனும் அச்சொல்லின் நிழலில் நிற்பவர்களே. மதில்களைக் கட்டுவது எளிது. அவற்றினுள் நாள்தோறும் என்ன நடக்கிறது என்பதைக் காப்பதே அரிது. அந்த அரிய காவலை நம் இல்லங்களுக்கும் மதரஸாக்களுக்கும் வல்ல நாயன் அருள்வானாக!