ஈசல் போட்ட புளிச்சோறு: ஒரு சங்கப் பாட்டும் எங்க தெரு அப்பாயியும்

இந்த எபிசோட் ஒரு பக்கெட் தண்ணியில ஆரம்பிக்குது.

திருச்சியில எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல. வெயில் அடிச்சு ஓய்ஞ்ச பிறகு ஒரு நல்ல மழை பெய்யும். மழை விட்ட சாயங்காலம், காலி மனையிலயும் கோரையாத்துக் கரையிலயும் இருக்கிற புத்துல இருந்து ஈசல் கிளம்பும். அஞ்சு நிமிஷத்துல ட்யூப் லைட்டே தெரியாது. எங்க வீட்டுல எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, வாசல் பல்பை மட்டும் எரிய விட்டு, அதுக்குக் கீழ ஒரு பக்கெட் தண்ணி வைப்போம். காலையில பக்கெட் நிறைய ஈசல், தரை முழுக்க ரெக்கை. பெருக்கிக் கொட்டுறது என் வேலை.

போன வருஷம் அப்படிக் கொட்டிட்டு இருந்தப்ப, எதிர்வீட்டு அப்பாயி திண்ணையில உக்காந்து பார்த்துட்டே இருந்தாங்க. மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து, கல்யாணமாகி இங்க வந்தவங்க. "அம்புட்டையும் கொட்டுறியே சாமி"ன்னாங்க. குரல்ல நிஜமாவே வருத்தம். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துட்டு, "நாங்கள்லாம் இதுக்காக மழை எப்ப வரும்னு காத்துக் கிடப்போம்"னாங்க.

எனக்குக் கை அப்படியே நின்னுடுச்சு. ஏன்னா அந்த வாரம் வேற ஒரு எபிசோடுக்காக அகநானூறு படிச்சிட்டு இருந்தேன். 394ஆம் பாட்டுல ஒரு சாப்பாடு வருது. அதுல ஈசல் இருக்கு.

பாட்டைப் பாடினவர் நன்பலூர்ச் சிறுமேதாவியார். தோழி தலைவன்கிட்ட பேசுறா: எங்க சின்ன ஊருக்கு ஒரு நாள் வந்துட்டுப் போ, என்ன சாப்பாடு கிடைக்கும் தெரியுமா? களாப்பழம் புளிச்சிருக்கு, விளாம்பழம் பழுத்திருக்கு. செம்மறி ஆட்டுப் பால்ல உறைஞ்ச முத்தின தயிர், புதுசா உழுத புனத்துல விளைஞ்ச வரகை நல்லாக் குத்தின அரிசி, மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சதும் புத்துல இருந்து கிளம்பின ஈசல். எல்லாம் சேர்த்துச் சமைச்ச சுடச்சுடப் புளிச்சோறு. மேல பசு வெண்ணெய் உருகுது. தூரத்துல ஆடு மேய்க்கிறவர் விசில் அடிக்கிறார், குட்டி முயல் பயந்து புதருக்குள்ள ஒளியுது. ஏறத்தாழ 2000 வருஷத்துக்கு முந்தின முல்லை நிலத்துச் சமையல், இத்தனை விவரத்தோட.

ஆனா இது ரெசிபி இல்லை. எது முதல்ல, எது பின்னாடி, எவ்வளவு நேரம்? ரெக்கையை என்ன பண்ணினாங்க? அதெல்லாம் பாட்டுல கிடையாது. அன்னைக்குக் கேட்டவங்களுக்குத் தெரியும், அதனால சொல்ல வேண்டிய தேவை இல்லை.

சரி, தொல்லியல் உதவுமான்னு கேக்கலாம். சில விஷயத்துக்கு நல்லாவே உதவும். பழனி பக்கத்துல பொருந்தல்ல பேராசிரியர் கா. ராஜன் குழு தோண்டினப்ப, ஈமக்குழியில ஒரு ஜாடிக்குள்ள கிட்டத்தட்ட 2 கிலோ நெல் அப்படியே கிடைச்சது. காலம் கி.மு. 490ன்னு கணிச்சாங்க. ஹரியானாவுல ஃபர்மானாங்கிற சிந்துவெளி ஊர்ல கிடைச்ச பானையிலயும் பல்லுலயும் ஒட்டியிருந்த மாவுச்சத்துத் துகளை வெச்சு, மஞ்சளும் இஞ்சியும் சமைச்சிருக்காங்கன்னு 2010ல சொன்னாங்க. ஆனா ஈசலுக்கு எலும்பு கிடையாது, உமி கிடையாது. வருஷத்துல சில நாள் மட்டும் வர்ற சாப்பாடு. எங்க ஏரியாவுல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற உறையூரை, சோழர் தலைநகரை, சென்னைப் பல்கலைக்கழகம் 1960கள்ல தோண்டியிருக்கு. பானை ஓடு வந்தது. அந்தப் பானையில ஈசல் வெந்துச்சான்னு ஓடு சொல்லாது.

இந்த மாதிரி இடத்துல ஆய்வாளர்கள் பண்றது ஒண்ணு உண்டு. இன்னைக்கும் அந்த வேலையைச் செய்யுற மக்கள்கிட்ட போய் உக்காந்து பார்க்கிறது, இல்லைன்னா தாங்களே செஞ்சு பார்க்கிறது. தென்னாப்பிரிக்காவுல ஸ்வார்ட்கிரான்ஸ்னு ஒரு குகை. 10 லட்சம் வருஷத்துக்கும் மேல பழைய எலும்புக் கருவிங்க அங்க கிடைச்சது. கிழங்கு தோண்டினதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தாங்க. லூசிண்டா பேக்வெல், ஃபிரான்செஸ்கோ தெரிக்கோ ரெண்டு பேரும் புது எலும்பை எடுத்துக் கிழங்கும் தோண்டினாங்க, கரையான் புத்தையும் தோண்டினாங்க. தேய்மானத்தை மைக்ராஸ்கோப்புல ஒப்பிட்டா, பழைய கருவியில இருக்கிற கோடு புத்து தோண்டின கோட்டோட பொருந்துச்சு. 2001ல வெளியிட்டாங்க. நம்ம மாதிரி மனுஷங்க வர்றதுக்கு முன்னாடியே ஆதி மனித இனத்தவங்க புத்தைக் கிளறிட்டு இருந்திருக்காங்க.

நான் மைக்ராஸ்கோப் இல்லாத ஆளு. அப்பாயிகிட்ட போனேன்.

முதல்ல கேட்டது, எந்தப் புத்துல ஈசல் கிளம்பும்னு எப்படித் தெரியும்? அவங்க சொன்ன பதில் எனக்கு ஒரு சொல்லையே திறந்து விட்டுச்சு. ஈசல் கிளம்பறதுக்கு முன்னாடி, கரையான் புத்துல புதுசா வாய் திறக்குமாம். அந்த வாயைச் சுத்தி மட்டும் மண் ஈரமா, புதுப் பூச்சு மாதிரி இருக்குமாம். அதைப் பார்த்துட்டா அன்னைக்கு ராத்திரி வேலை இருக்குன்னு அர்த்தம். பாட்டுல அந்தப் புத்தை "ஈர்வாய்"ன்னு சொல்லியிருக்கு, அதாவது ஈரமான வாய் உள்ளதுன்னு. மழை பெய்ஞ்சா எல்லாம் ஈரம்தானே, இதுல என்ன இருக்குன்னு தாண்டிப் போயிருந்தேன். புலவர் இந்த அடையாளத்தைத்தான் சொல்றார்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா புத்துக்கு முன்னாடி காத்துக் கிடந்த ஒருத்தர் அந்தச் சொல்லைக் கேட்டா, அவங்களுக்கு அது வெறும் வர்ணனை இல்லை.

பிடிக்கிறது எப்படி? புத்து மேல தழையும் துணியும் போட்டு மூடி, ஒரு பக்கம் மட்டும் வழி விடுவாங்க. அந்த வழியில குழி தோண்டி வாய் அகலமான பானையைப் பதிச்சு, பக்கத்துல விளக்கு. ஈசல் வெளிச்சத்துக்கு வந்து பானைக்குள்ள விழும். வெறும் சட்டியில லேசா வறுத்தா ரெக்கை காஞ்சு உதிரும், முறத்துல போட்டுப் புடைச்சா பறந்துடும். எண்ணெயே வேண்டாம்னு அழுத்திச் சொன்னாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. புதுக் கூடு கட்டி முதல் குஞ்சுகளை வளர்க்கிற வரைக்கும் தாங்கறதுக்கு, ஈசல் உடம்புல கொழுப்பைச் சேர்த்து வெச்சுட்டுதான் பறக்குது. சூடு பட்டதும் தன் கொழுப்புலயே வறுபட்டுடும். உப்பு, மிளகாய்த்தூள், பொரி, பொட்டுக்கடலை போட்டுக் கலந்தா முடிஞ்சது. நிறையத் தின்னா வயித்தால போகும், அதையும் சொன்னாங்க.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன். "2000 வருஷமா மாறாத உணவு"ன்னு தம்ப்நெயில் போடுற வீடியோ நிறைய பார்த்திருப்பீங்க. அப்பாயி போடுற மிளகாய், போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் இந்தியாவுக்கு வந்தது. அவங்களோடது உலர்ந்த வறுவல், பாட்டுல வர்றது ஈரமான புளிச்சோறு. ரெண்டும் ஒரே சாப்பாடு இல்லை. இன்னைக்கு வாழுற யாரும் சங்க காலத்தோட ஃபோட்டோகாப்பி கிடையாது. அவங்ககிட்ட கிடைக்கிறது பொருளைப் பத்தின அறிவு: ஈசல் எப்ப வரும், எப்படி நடந்துக்கும், சட்டியில என்ன ஆகும். பழைய ரெசிபியை அவங்ககிட்ட தேடினா ஏமாந்துதான் போவோம்.

புறநானூறு 119லயும் ஈசல் வருது. கபிலர், பாரி செத்த பிறகு அவன் நாட்டை நினைச்சுப் பாடினது. அங்கயும் மழைக்காலம், செம்புத்து ஈசல், கூடவே புளிச்ச மோர். ரெண்டு பாட்டுலயும் ஈசலுக்குத் துணையா பால் புளிப்புதான் வருது. ஆடு மாடு மேய்க்கிற நிலத்துல புளிப்புன்னா தயிரும் மோரும்தான்னு எனக்குத் தோணுது.

சரி, சமைச்சுப் பார்ப்போம்னு முடிவு பண்ணினேன். செம்மறித் தயிர் கிடைக்கவே இல்லை. பெரம்பலூர், திருச்சிப் பக்கம் "திருச்சி கருப்பு"ன்னே ஒரு செம்மறி இனம் இருக்கு, ஆனா இன்னைக்கு அதை வளர்க்கிறது பெரும்பாலும் கறிக்காக. செம்மறிப் பால்ல கொழுப்பு பசும்பாலை விடக் கணிசமா அதிகம், தயிர் கெட்டியா நிக்கும். வேற வழியில்லாம எருமைத் தயிர் வாங்கி ரெண்டு நாள் புளிக்க வெச்சேன். வரகு சூப்பர் மார்க்கெட் பாக்கெட்.

வரகைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். கோபுரக் கலசத்துக்குள்ள நிரப்பி வைக்கிறாங்களே, அந்த வரகு. தோல் அடுக்கடுக்கா இருக்கும், சீக்கிரம் கெடாது. ஆனா அதே தோலை உரிக்கிறது பெரும் பாடு. கல் திரிகையில போட்டா அரிசி நொறுங்கிடும்னு மண்ணாலயே திரிகை செஞ்சு அரைப்பாங்க, பிறகு உரல்ல குத்தி, புடைச்சு, திரும்பக் குத்தி. ஒரு வேளைச் சோத்துக்கு அரை நாள் போயிடும்னு அப்பாயி சொன்னாங்க. அப்படிச் சொல்லும்போது தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. காதல் பாட்டுல எதுக்கு "நல்லாக் குத்தின அரிசி"ன்னு ஒரு பாராட்டு? குத்தினவங்களுக்குப் புரியும். அது உன் வருகைக்காக ஒருத்தி அரை நாள் உலக்கை பிடிச்சிருக்கான்னு சொல்ற விஷயம்.

வரகுல ஒரு ஆபத்தும் உண்டு. அறுப்பு நேரத்துல நனைஞ்சு பூஞ்சை பிடிச்சா தலை சுத்தும், வாந்தி வரும். 2024 அக்டோபர் கடைசியில மத்தியப் பிரதேசம் பாந்தவ்கர்ல 10 யானை செத்துப் போச்சு. வயித்துல நிறைய வரகு, அதுல சைக்ளோபியசோனிக் அமிலம்ங்கிற நஞ்சு. எந்த வரகைத் தொடக் கூடாதுங்கிறதும் சமையல் அறிவுதான், அது எந்தப் பாட்டுலயும் இல்லை.

என் சமையலுக்கு வர்றேன். பாட்டுல தயிர்தான் முதல்ல வருது. அதனால தயிரைச் சட்டியில ஊத்தி, வரகைப் போட்டு, அடுப்பை ஏத்தினேன். பத்து நிமிஷத்துல தயிர் திரிஞ்சு, தண்ணி தனி, கட்டி தனி, நடுவுல வேகாத வரகு. ரெண்டாவது தடவையும் அதே கதை. கிண்ணத்தோட எதிர்வீட்டுக்குப் போனேன்.

அப்பாயி கிண்ணத்தைப் பார்த்து ரொம்ப நேரம் சிரிச்சாங்க. "மோர்க்களி கிண்டுனதே இல்லையா நீ?"ன்னு கேட்டாங்க. வரகு முதல்ல தண்ணியில வேகணும். வெந்து, கொழகொழன்னு கஞ்சிப் பதம் வந்த பிறகு, தயிரை நல்லாக் கடைஞ்சு, தீயைத் தணிச்சு, கைவிடாமக் கிண்டிக்கிட்டே ஊத்தணும். கஞ்சி இருந்தா திரியாது. விஷயம் என்னன்னா, தானியத்துல இருந்து கரைஞ்ச மாவுச்சத்து தயிரோட புரதத்தைச் சுத்திக்கிட்டு அதை ஒண்ணா ஒட்ட விடாது. மோர்க்குழம்புக்கு அரிசியோ பருப்போ அரைச்சு விடுறதும் இதுக்குத்தான். சங்க காலத்து வினோதம்னு நான் நினைச்ச சாப்பாட்டோட நெருங்கின சொந்தக்காரன் எங்க அம்மா அடுப்புல வாரா வாரம் கொதிக்குது.

மூணாவது தடவை சரியா வந்துச்சு. சூடான புளிச்சோறு, மேல வெண்ணெய். ஈசல் போடலை. சீசன் முடிஞ்சிருந்தது. அதோட டவுன் ஈசலைத் தின்னாதேன்னு அப்பாயியே சொல்லிட்டாங்க, வீடு கட்டுற எல்லா மனையிலயும் கரையானுக்கு மருந்து அடிக்கிறாங்க. நீங்களும் ட்ரை பண்ணாதீங்க. சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். இவ்வளவு பேசின அப்பாயி குரல் ஏன் இந்த எபிசோட்ல இல்லை?

ரெக்கார்டரை வெளிய எடுத்ததும் அவங்க முகம் மாறிடுச்சு. பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்காங்க. பூச்சி தின்ன குடும்பம்னு யாராவது பேசினா? "என் பேரும் வேணாம், ஊர் பேரும் வேணாம் சாமி." பள்ளிக்கூடத்துல படிக்கும்போது அவங்க பையனை "ஈசல்"னு கூப்பிட்டுக் கேலி பண்ணியிருக்காங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் ஈசல் பிடிக்கலை. அவங்க மருமகளுக்கு இது எதுவும் தெரியாது. புத்தோட வாய் ஈரமா இருக்கிறதைப் பார்க்கத் தெரிஞ்ச கடைசி ஆள் அந்த வீட்டுல இவங்கதான்.

அகநானூறுன்னா செவ்வியல், மேடையில சொன்னா கைதட்டல். அதுல இருக்கிற அதே சாப்பாட்டைச் சாப்பிட்டவங்க பேரை மறைச்சுக்கணும். பாட்டுக்குள்ளயே ஒரு சின்னப் பிரிவு இருக்கு, நான் அப்பாயிகிட்ட படிச்சுக் காட்டினப்ப அவங்கதான் பிடிச்சாங்க. ஈசல் புளிச்சோறு தலைவனோட வர்ற இளையவங்களுக்கு. தலைவனுக்கு அவன் பொண்டாட்டி தொட்டுத் தர்றது பால்சோறு. "அப்பவே பெரியவருக்குப் பாலுதானா?"ன்னு கேட்டாங்க. உரையாசிரியர்கள் அதை விருந்தோட முறைன்னுதான் படிப்பாங்க. அவங்க கேள்வியும் நியாயம்தான்னு எனக்குத் தோணுது.

ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம். அவங்க சொன்னதையெல்லாம் நான் நோட்டுல எழுதிக்கலாம், குரல் மட்டும் கிடையாது. இந்த எழுத்து வடிவத்தை அவங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டுதான் போடுறேன். ரெண்டு இடத்துல திருத்தினாங்க. முறத்துல புடைக்கும்போது காத்துக்கு எதிரா உக்காரக் கூடாது, ரெக்கை மூஞ்சியில அப்பிடும், அதை விட்டுட்டியேன்னாங்க. இன்னொண்ணு, நான் கிண்ணத்தைக் கொண்டு போனப்ப அவங்க ரொம்ப நேரமெல்லாம் சிரிக்கலையாம். கொஞ்ச நேரம்தானாம்.