தரங்கம்பாடிக் கோட்டையும் தலையில்லாத துரையும்

"மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். ஹாஸ்டல்ல கோட்டை கோட்டைன்னு அலைஞ்சவன் நீதானே, எழுது" என்றார் நம் சங்கச் செயலாளர். சிவில் படித்துவிட்டுப் பாலம் கட்டிப் பிழைக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை மனிதர்!

நண்பர்களே, விடுதியில் கரண்ட் போனதும் ஆரம்பிக்கும் அந்தக் கதை ஞாபகம் இருக்கிறதா? தரங்கம்பாடிக் கடற்கரையில் தலையில்லாத வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் நடப்பார், டான்ஸ்போர்க் கோட்டைக்குள் போய்ப் பெருமூச்சு விடுவார் என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொல்வார். ஒவ்வொரு தடவையும் துரைக்கு ஒரு அங்கம் கூடுதலாகக் குறையும்.

2007-ல், இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, துரையைப் பார்த்தே தீருவது என்று ஐந்து பேர் பஸ் ஏறினோம்.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை அது. 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பின் பயணியர் மாளிகையாக இருந்து, 1978-ல் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. பயணியர் மாளிகை என்றாலே நம் ஊரில் பேய்க்கும் ஒரு அறை ஒதுக்கிவிடுவார்களே!

கீழ்த்தளம் முழுக்க வளைவுக் கூரை அறைகள். சரக்கு வைக்க, சமைக்க, சிப்பாய்கள் படுக்க, ஆளைப் பூட்டிவைக்க எல்லாம் அங்கேதான். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு, 1706-ல் வந்து இறங்கியவர், 1708-ல் டேனிஷ் தளபதியால் இந்தக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைக்கப்பட்டார். பேயாக வருவதற்கு நியாயமான காரணம் அவருக்குத்தான் உண்டு. பாவம், அவர் பெயரை யாரும் இழுப்பதில்லை.

பூட்டும் நேரம். "ஹா..." என்று பெருமூச்சு கேட்டது. சத்தியமாகக் கேட்டது! ஒருத்தன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அரை நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. வெளியே கரையில் அலை உடைகிறது. அந்தச் சத்தம் உள்ளே நுழைந்து வளைவுக் கூரையில் மோதித் திரும்பும்போது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்த இடமெல்லாம் முகம் மாதிரி வேறு தெரிகிறது.

தலையில்லாத விஷயம் பல வருஷம் கழித்துப் படித்தது. டென்மார்க்கிலிருந்து முன்னோடியாக வந்த 'ஓரெசுண்ட்' கப்பலைப் போர்த்துகீசியர் காரைக்கால் அருகே மூழ்கடித்து, மாலுமிகள் இருவரின் தலையைக் கடற்கரையில் கழியில் செருகி வைத்தார்களாம். தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிரப்பே நாயக்கரிடம் கொண்டுபோகப்பட்டார். அங்கே தொடங்கிய பேச்சுதான் கோட்டையில் முடிந்தது. நம் சீனியர் பாடப்புத்தகமே படிக்காதவர். இரண்டையும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனாலும் படித்த அன்று உடம்பு சிலிர்த்தது உண்மை.

கோட்டையைவிட்டு வெளியே வந்து டீ குடித்தோம். பேயை ஜெயித்த தெம்பில், "அக்கா, இங்க ராத்திரியில பேய் நடமாடுமாமே, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

2004 டிசம்பர் 26-க்கு அப்போது மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்குமேல் போன சுனாமி. பேப்பரில் படித்தவன்தான், அந்த நிமிஷம் நினைப்பில் இல்லை.

அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எம் மவ கூப்புடற மாதிரி இருக்கும் தம்பி. எந்திரிச்சுப் போயி வாசல்ல நிப்பேன். பேயா இருந்தாலும் வரட்டுமேன்னு இருக்கும்."

காசு கொடுத்தோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் விடுதியில் கரண்ட் போனது. "அண்ணே, துரையைப் பாத்தீங்களா?" என்று ஜூனியர் பசங்க சூழ்ந்துகொண்டார்கள். நாயக்கரில் ஆரம்பித்து வளைவுக் கூரை வரைக்கும் விளக்கமாகச் சொன்னேன். டீக்கடையைச் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.