கையில் கொண்டுபோகும் நெபுலைசர்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

கனடாவில் இருந்து வந்த நெபுலைசரை இங்கே நேரே பிளக்கில் செருகிவிடாதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற். இலங்கையில் 230. இயந்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 'இன்புட்' என்ற இடத்தில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை, பிளக்கை மாற்றிப் போடும் அடப்ரர் ஒன்று போதும். 120 மட்டும் என்றிருந்தால் செருகியவுடன் மோட்டார் எரியலாம். ட்ரான்ஸ்போமர் போட்டாலும் முழுத் தீர்வு இல்லை. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 என்பதால் காற்றுப் பம்ப் அதே வேகத்தில் ஓடாது. இலண்டன், சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியாவில் இருந்து வருபவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் 230தான், பிளக்கின் வடிவம் மட்டும் வேறாக இருக்கலாம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், வன்னியில் நான் பார்த்த நெபுலைசர்களில் அரைவாசிக்கு மேல் கடையில் வாங்கியவை அல்ல, உறவுகள் அனுப்பியவை. அனுப்புபவர் அன்போடு அனுப்புகிறார். பெறுபவரின் நோய் எது, மருந்து எது, வீட்டில் மின்சாரம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

என் பெரியம்மாவுக்கு நெஞ்சில் ஒரு செல் துண்டு இன்னும் இருக்கிறது. அதோடு பல வருட விறகடுப்புப் புகை. ஊரில் தொய்வு, முட்டு என்பார்கள். கிளினிக் கொப்பியில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருக்கிறது. அவருடைய மகன் 2009 மே மாதத்தில் இருந்து காணாமலாக்கப்பட்டவர்களில் ஒருவர். அதனால் அவருக்குப் பயணம் விருப்பத்தைப் பொறுத்த விடயமில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டால் போகவேண்டும், போராட்டம் என்றால் போகவேண்டும், கொழும்பில் ஸ்கான் என்றாலும் போகவேண்டும். இரவு பஸ்ஸில் முட்டு வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் இப்படியான பயணங்களைக் கைவிட்ட பலரை எனக்குத் தெரியும். நல்ல இயந்திரம் அந்தப் பயத்தைக் குறைக்கும். பொருந்தாத இயந்திரம் பையில் சும்மா கிடந்து பொய்யான தைரியத்தை மட்டும் தரும்.

இயந்திரம் தேவைதானா என்பதை முதலில் கேளுங்கள். இன்ஹேலரை ஸ்பேசரோடு சரியாகப் பயன்படுத்தினால், சாதாரண, நடுத்தர அளவு முட்டுக்கு அது நெபுலைசருக்குச் சமமாக வேலை செய்யும் என்று மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எங்களுடைய ஆட்களுக்கு இது நம்பிக்கை வராத விடயம். புகை வரவேண்டும், சத்தம் கேட்கவேண்டும், அப்போதுதான் மருந்து. ஆனால் ஸ்பேசருக்குப் பற்றரி தேவையில்லை, சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஸ்பேசர் இல்லாத இடத்தில் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்த ஓட்டை போட்டு, இடைவெளியை ஒட்டி மூடிப் பயன்படுத்தலாம். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றில் இப்படியான போத்தல் ஸ்பேசர் கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. 1999இல் லான்செற் இதழில் அது வெளிவந்தது. எத்தனை தடவை அழுத்தலாம் என்பதை உங்கள் டொக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

அப்படியென்றால் நெபுலைசர் யாருக்கு? மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்க முடியாதவர்களுக்கு, மறதியும் தளர்ச்சியும் உள்ள வயதானவர்களுக்கு, நெபுலைசரில் மட்டுமே கொடுக்கக்கூடிய மருந்தை எழுதிக் கொடுத்திருப்பவர்களுக்கு. இன்னொரு கூட்டமும் உண்டு. இயந்திரம் விற்பவர்களின் கையேடுகள் அவர்களை நினைத்து எழுதப்படுவதில்லை. கையையோ விரல்களையோ இழந்தவர்களால் இன்ஹேலரை அழுத்திக்கொண்டே மூச்சையும் இழுப்பது கடினம். அவர்களுக்கு ஒரே பொத்தானில் இயங்கும், மேசையில் சரியாமல் நிற்கும் கருவி வேண்டும். பிடித்துக்கொண்டே இருக்காமல் இருக்க வாய்க்குழாயை விட மாஸ்க் நல்லது. மருந்துக் குப்பியின் தலையை ஒற்றைக் கையால் முறிக்க முடிகிறதா என்பதையும் வாங்கும்போதே பழகிப் பாருங்கள். இயந்திரம் சரியாக இருந்தும் குப்பியில் தடுமாறி நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பார்வை இழந்தவர்களுக்கு வேறு பிரச்சினை. புதிய சிறிய கருவிகள் சத்தமே போடுவதில்லை, வேலை செய்கிறதா, மருந்து முடிந்ததா என்பது அவர்களுக்குத் தெரியாது. முடிந்ததும் ஒலி எழுப்பித் தானாக நிற்கும் மொடல்கள் இருக்கின்றன. கிடைக்காவிட்டால் இரைந்து ஓடும் பழைய வகையே அவர்களுக்கு உதவி.

அந்தப் பழைய வகையைக் கொம்பிரசர் நெபுலைசர் என்பார்கள். காற்றை அழுத்தி மருந்தைத் துகளாக்கும். வீட்டு மொடல்கள் பல ஒன்றரை, இரண்டு கிலோ எடை. கிட்டத்தட்ட எல்லா நெபுலைசர் மருந்துகளுக்கும் சரிவரும், பல வருடம் உழைக்கும். ஆனால் மருந்துக் கிண்ணம் நிமிர்ந்தே இருக்கவேண்டும். ஓடும் பஸ்ஸில் சரிந்தால் மருந்து ஒருபக்கம் ஒதுங்கிவிடும். கடைசியில் ஒரு மில்லிலீற்றர் அளவு கிண்ணத்திலேயே தங்கிவிடுவதும் வழமை.

இரண்டாவது அல்ட்ராசோனிக். மருந்தைச் சூடாக்குவதால் புடசனைட் போன்ற ஸ்ரீரொய்ட் மருந்துக்கு ஏற்றதல்ல. பயணத்துக்கென்று இதை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவது மெஷ். கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு அதிர்ந்து மருந்தைத் துகளாக்கும். 100 முதல் 150 கிராம் எடையில், சட்டைப் பைக்குள் போகும். பெரியம்மா முதலில் பார்த்தபோது, "இதென்ன பிள்ளை, ரோச் லைற் மாதிரிக் கிடக்கு" என்றார். சத்தமில்லை, மருந்து வீணாவதும் குறைவு. சாய்த்துப் பிடித்தாலும் சில மொடல்கள் வேலை செய்யும். பயணத்துக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கணிப்பு, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் என்ன செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே வெள்ளைப் படிவு மெஷ்ஷின் துளைகளையும் அடைக்கும். வன்னியிலும் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான். கழுவுவதற்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சிறு போத்தலில் கொண்டுபோங்கள். பாமசியில் கிடைக்கும் காய்ச்சிவடித்த நீர் இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் மருந்து எடுத்தபின் கழுவி, உதறி, காற்றில் உலரவிடுங்கள். மெஷ்ஷை விரலாலோ துணியாலோ தொடவேண்டாம். மருந்தைக் கலப்பதற்கு மட்டும் எந்தத் தண்ணீரும் கூடாது, கொதித்தாறியதும் கூடாது. டொக்டர் சொன்ன சேலைன் மட்டும்தான். வெறும் தண்ணீரின் துகள் சுவாசக்குழாயைச் சுருக்கி முட்டைக் கூட்டும்.

மின்சாரத்தைப் பற்றி எங்கள் வாசகர்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இது. பிற்பாடும் 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு, 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருள், அதே வருட நவம்பர் கடைசியில் டித்வா புயல். ஆகவே சார்ஜ் பண்ணும் பற்றரி மட்டும் உள்ள கருவியை விட, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஏ.ஏ. பற்றரியிலும் ஓடக்கூடியதை நான் விரும்புவேன். மாங்குளத்துக் கடையிலும் அது கிடைக்கும். யு.எஸ்.பி. வகை என்றால் உங்கள் பவர் பாங்க்கோடு சேர்த்து வீட்டில் ஓட்டிப் பாருங்கள். கருவி எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவென்றால் சில பவர் பாங்க்குகள் இடையில் தாமாக நின்றுவிடும்.

ஏ9இல் இரவுப் பயணம் என்றால் மருந்தைப் போத்தலில் இருந்து சிறிஞ்சால் அளந்து சேலைனோடு கலப்பதெல்லாம் குலுங்கும் பஸ்ஸில் நடக்காத காரியம். பயணத்துக்கு ஒருதடவை அளவில் அடைத்த பிளாஸ்ரிக் குப்பிகளை எழுதித் தரும்படி கேளுங்கள். வெளிச்சம் படாமல் அதன் உறையிலேயே, கைப்பையில் வைத்திருங்கள். பஸ்ஸின் அடிப்பெட்டியில் சூடு அதிகம். நோயின் பெயர், மருந்து, அளவு, ஒவ்வாமை எல்லாவற்றையும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய துண்டொன்று கருவியின் பைக்குள்ளேயே இருக்கட்டும். வவுனியாவைத் தாண்டினால், மூச்சு எடுக்கவே முடியாத ஒருவர் மொழிபெயர்ப்பும் செய்யவேண்டிய நிலை வரக்கூடாது. சளியோ காய்ச்சலோ இருக்கும்போது மூடிய ஏ.சி. பஸ்ஸுக்குள் நெபுலைசர் பிடிப்பது மற்றவர்களுக்குத் தொற்றைப் பரப்பலாம். நடத்துநரிடம் சொல்லி நிறுத்தி, வெளியில் எடுங்கள்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, மருந்து எடுத்தும் இளைப்பு இறங்கவில்லை என்றால் இரண்டாவது குப்பியை உடைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அப்போது தேவைப்படுவது ஒட்சிசனாக இருக்கலாம், அதை எந்தக் கைக்கருவியும் தராது.

விமானப் பயணத்துக்கு, லிதியம் பற்றரி உள்ள கருவியும் பவர் பாங்க்கும் கைப்பையில்தான் போகவேண்டும். பவர் பாங்க் 100 வாட் மணித்தியாலத்துக்குள் இருந்தால், அதாவது சுமார் 27,000 மில்லி அம்பியர், பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. ஆனால் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதைச் சில விமான நிறுவனங்கள் இப்போது தடுக்கின்றன, கேட்டுக்கொள்ளுங்கள். டொக்டரின் கடிதத்தில் நெஞ்சில் உள்ள உலோகத் துண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பரிசோதனைக் கதவு சத்தமிடும்போது அது உதவும்.

கடையில் வாங்குவதென்றால், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்த கருவியா என்று கேளுங்கள். மருந்துத் துகளின் அளவு 1 முதல் 5 மைக்ரோனுக்குள் இருந்தால்தான் நுரையீரலின் உள்ளே இறங்கும். பெரியவை தொண்டையிலேயே ஒட்டிவிடும். இணையத்தில் மலிவாக விற்கும் பெயரில்லாத மெஷ் கருவிகளில் அந்தத் தகவலே இருப்பதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, மாற்று மெஷ் தனியாகக் கிடைக்குமா என்பது. அது பழுதடையும் பொருள். "வராது, புதுசு வாங்குங்கோ" என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு இறங்கலாம். பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே வாங்கி வீட்டில் பயன்படுத்துங்கள். ஒரு குப்பி முடியப் பத்து நிமிடமளவு எடுக்கலாம். அதைவிட இழுபட்டால் மெஷ் அடைபடுகிறது என்று அர்த்தம்.

ஒரு கருவியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கிராமங்கள் உண்டு. கொம்பிரசர் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிண்ணம், குழாய், மாஸ்க் வைத்து அதைச் செய்யலாம், செலவும் அதிகமில்லை. மெஷ் வகையில் மருந்து நிற்கும் பாத்திரமும் மெஷ்ஷும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் ஆளுக்கொரு தொகுதி வாங்கவேண்டி வரும். அந்தக் காசுக்கு, ஊரில் பொதுவாக ஒரு கொம்பிரசரும் பயணம் போகிறவருக்கு ஒரு ஸ்பேசரும் என்பது சரியான கணக்காக இருக்கும்.